துண்டுக்குள் விரல்

தனகோட்டிக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். வாய்க்கு அப்புறம்தான் முறை. அன்றைக்குச் செஞ்சி ஆட்டுச் சந்தைக்கு அவன் இழுத்துக்கொண்டு வந்த கிடாவைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். இடுப்பு உயரக் கிடா. கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. இடது கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி. அதில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பியிருந்தது. அப்பியவள் அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி.

முந்தின ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் குந்திக்கொண்டு போனில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு சீட்டு வந்தால் ஆட்டம் அவனுடையது. வரவில்லை. எதிராளி சீட்டைக் காட்டி ஜெயித்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தீனி கேட்டு அந்தக் கிடா அவன் முதுகில் மூக்கை உரசியது. தரையில் அடித்திருந்த இரும்பு முளையைப் பிடுங்கினான், ஒரே போடு. கொம்பு வேரோடு பெயர்ந்து தொங்கியது. கிடா முன்னங்கால் மடிந்து விழுந்து, மூக்கில் ரத்தம் ஒழுக அவனையே பார்த்தது. அடப்பாவி, ரெண்டு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த உருப்படி! அப்போதும் ஆத்திரம் அடங்காமல் விலாவில் ரெண்டு உதை விட்டான். தடுக்க ஓடிவந்த ஜெயக்கொடிக்கும் தோளில் ஒன்று விழுந்தது. முட்ட வந்தது, அடித்தேன் என்று பிறகு அவளிடம் சொல்லிக்கொண்டான்.

பக்ரீத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. சந்தையில் கால் வைக்க இடமில்லை. சென்னை லாரி, பெங்களூர் லாரி, பாண்டிச்சேரி வேன் எல்லாம் ரோடு வரைக்கும் நின்றன. ஆடுகளின் கத்தலில் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழவில்லை. ராஜகிரி மலை உச்சியில் வெளிச்சம் விழுந்து ஆளுக்கு ஆள் முகம் தெரிய ஆரம்பித்தபோது, செஞ்சியிலேயே கறிக்கடை வைத்திருக்கும் தாவூத் பாய் தனகோட்டியின் கிடாவிடம் வந்து நின்றார். பல்லைப் பார்த்தார். முதுகெலும்பை அமுக்கிப் பார்த்தார். தலையைத் திருப்பினதும் அவர் முகம் மாறிவிட்டது.

"கொம்புக்கு இன்னாச்சி?"

"ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிச்சி பாய். ஆறிடும்."

"ஆறும் தனகோட்டி. ஆனா வேரோட போயிருக்குதே. ஊனம் இருந்தா குர்பானிக்கு ஆவாது. உனக்குத் தெரியாததா?"

இருபது வருஷமாகப் பக்ரீத் சந்தையில் நிற்கிற தரகனுக்கா தெரியாது? நன்றாகத் தெரியும். தெரிந்தும், பாய்க்கு வயசாகிவிட்டது, கண் மங்கியிருக்கும் என்று நப்பாசை. துண்டை எடுத்து நீட்டினான். தாவூத் பாய் கையைக் கொடுக்கவில்லை. "கறிக்கு வேணா எடுத்துக்கறேன். எட்டு" என்று வாய்விட்டுச் சொன்னார். நாலு பேர் கேட்கும்படி.

தனகோட்டிக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அந்தச் சந்தையின் பழைய தரகர்கள் நல்ல உருப்படிக்கு வாயால் விலை பேசவே மாட்டார்கள். ரெண்டு பேர் கைமேல் ஒரு துண்டு விழும். துண்டுக்கடியில் ஒருத்தன் விரலை இன்னொருத்தன் பிடிப்பான். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம். கணுவில் அழுத்தினால் அரை. முஷ்டியை மூடினால் ஒன்றுமில்லை, போ என்று அர்த்தம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த ரெண்டு கைக்கு மட்டும்தான் தெரியும். இதில் தனகோட்டி கெட்டிக்காரன். ஆள் வாய் என்ன சொன்னாலும் அவன் உள்ளங்கை ஈரத்தை வைத்தே, இவன் எவ்வளவு வரைக்கும் ஏறுவான் என்று சொல்லிவிடுவான். "கையத் தொட்டா போதும், ஆள் ஜாதகமே சொல்லிடுவேன்" என்பது அவன் பெருமை. அந்தப் பெருமைதான் அவனைக் கவிழ்த்தது.

போன ஐப்பசியில் அடைமழை. மூன்று வாரம் சந்தை சரியாகக் கூடவில்லை. கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு ரம்மியைக் கற்றுக்கொடுத்தது அவன் மச்சான் இளவரசன். ஜெயக்கொடியின் தம்பி. தளவானூர்க்காரன், இருபத்தாறு வயசு, சந்தையில் லாரிக்கு ஆடு ஏற்றுகிற வேலை. காசு வைக்காமல் சும்மா காயினில் ஆடுகிற ஆட்டத்தைத்தான் காட்டினான். "பதிமூணு சீட்டு மாமா. மொதல்ல ஜோக்கர் இல்லாம ஒரு வரிசை சேரணும். அது சேராம காட்டினீன்னா எம்பது புள்ளி அவுட்டு. கையில ஒண்ணும் இல்லன்னா எடுத்த எடுப்புல டிராப் பண்ணிடு, இருபதோட போவும்." தனகோட்டி முதல் நாள் வரிசை சேராமலேயே காட்டிவிட்டு, போனைப் பார்த்து ஊரே சிரிக்கும்படி வைதான். நாலே நாளில் பிடித்துக்கொண்டான். எதிராளி எந்தச் சீட்டை எடுக்கிறான், எதைக் கழிக்கிறான் என்று பார்த்தால் போதும், அவன் கையில் இருப்பது தெரிந்துவிடுகிறது. அட, இது நம்ம தொழிலாச்சே!

காசு கட்டி ஆடினான். முதல் வாரமே ஆயிரத்து எண்ணூறு வந்தது. எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். இளவரசனும் அந்த வாரம் காசு வைத்து ஆடி ஐந்நூறு விட்டான். விட்டதும் அந்த ஆட்டத்தையே போனிலிருந்து தூக்கிவிட்டான். "வேணாம் மாமா. எதிர்ல ஆள் இருக்குதா, மிஷின் இருக்குதான்னே தெரியல. வுட்டுடு" என்றான். தனகோட்டி விழுந்து விழுந்து சிரித்தான். ஆள் இல்லாமல் பேரமா? துண்டுக்கடியில் கை இல்லாமல் விரலா? எதிரில் ஒருத்தன் இருக்கத்தான் வேண்டும், அவனைப் படிக்கத் தெரிந்தவன் ஜெயிப்பான் என்று அடித்துச் சொன்னான்.

புள்ளிக்கு ஒரு ரூபாய் மேஜையிலிருந்து ஐந்துக்குப் போனான், ஐந்திலிருந்து இருபதுக்குப் போனான். இருபது ரூபாய் மேஜையில் ஒரு ஆட்டம் முழுசாகத் தோற்றால் ஆயிரத்து அறுநூறு காலி. சித்திரை முடிவதற்குள் அவன் விட்டது மூணு லட்சத்து நாற்பதாயிரம்.

அது அவன் ஒருத்தன் காசு இல்லை. அதுதான் விஷயமே. ஜெயக்கொடியும் இளவரசனும் தனகோட்டியும் சேர்ந்து குட்டி வாங்கி, வளர்த்து, பொங்கலுக்கும் அதற்கு முன்னால் தீபாவளிக்கும் விற்றுச் சேர்த்த காசு. இளவரசனுக்குக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று எடுப்பதற்கு. அடுத்தவன் லாரிக்கு ஆடு தூக்கிப்போட்டு இடுப்பு ஒடிந்தது போதும், சொந்த வண்டி ஓட்டவேண்டும் என்று அவனுக்கு ஒரே ஆசை. திண்டிவனத்தில் ஒரு பழைய வண்டி பார்த்து, மூணு நாற்பது என்று விலையும் பேசி, பக்ரீத் முடிந்த மறுநாள் எடுப்பதாக வாக்கும் கொடுத்தாகிவிட்டது. "எங்கையில இருந்தா செலவாயிடும் மாமா. நீயே வச்சிக்க" என்று காசை மாமன் கணக்கில் போட்டவனும் இளவரசன்தான்.

இன்னும் நாலைந்து நாளில் காசை எடுத்து நீட்டவேண்டும். என்னவென்று நீட்டுவது? காசைக் கோட்டை விட்டுவிட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அந்த நேரத்தில்தான் தனகோட்டிக்கு ஒரு எண்ணம் முளைத்தது. முளைத்ததும் அப்பாடா என்று இருந்தது.

இருபது ரூபாய் மேஜையில் பெரும்பாலும் அவனுக்கு எதிரே உட்காருகிறவன் பெயர் கிங்604. அவனிடம்தான் முக்கால்வாசிக் காசும் போனது. அந்த 604 என்ன? செஞ்சிக்கு வருகிற தபாலில் பின்கோடு அறுநூற்று நாலில்தானே ஆரம்பிக்கிறது! அப்படியென்றால் உள்ளூர்க்காரன். அடுத்தது, இந்தக் கிங் கையில் ராஜா வந்தால் கடைசிவரை கழிக்கமாட்டான். பொங்கலுக்கு வீட்டில் உட்கார்ந்து சீட்டு ஆடியபோது இளவரசன் அதையே செய்தான். "ராஜா கையில இருந்தா ஒரு தெம்பு மாமா" என்று இளித்தான். இன்னும் என்ன வேண்டும்? ஆட்டத்தைப் போனிலிருந்து தூக்கிவிட்டேன் என்று சொன்னதும் நாடகம். பக்கத்திலேயே இருந்துகொண்டு, மாமன் எப்படி ஆடுவான் என்று தெரிந்துகொண்டு, கூடவே இருந்து குழி பறிக்கிறான். ராஜாவை இழுத்துப் பிடிக்கிற ஆள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பான் என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரிடமும் கேட்கவில்லையே! முகம் தெரியாத எவனிடமோ தோற்றேன் என்பதைவிட, கூட இருந்தவன் ஏமாற்றினான் என்பது அவனுக்கு எவ்வளவோ மேலாக இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டான்.

தாவூத் பாய் எட்டு என்று சொல்லிவிட்டுப் போனதும், கிடாவைக் கட்டின முளையைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டு, ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கிப் போனை எடுத்தான். மேஜையில் கிங்604 உட்கார்ந்திருந்தான். தனகோட்டி தலையைத் தூக்கிப் பார்த்தான். எதிர் வரிசையில் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு இளவரசன் போனைக் கையில் வைத்திருந்தான். கட்டைவிரல் அசைந்தது. கிங் சீட்டைக் கழித்தான். யாரோ "ஏய், இத ஏத்துடா" என்று கூப்பிட, இளவரசன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு செம்மறியைத் தூக்கப் போனான். கிங் கழிக்கவில்லை. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி நொடிக்குக் கொஞ்சம் முன்னால், இளவரசன் மரத்தடிக்குத் திரும்பிப் போனை எடுத்த அதே சமயம், கிங் ஒரு சீட்டை எடுத்தான், காட்டிவிட்டான். ஆயிரத்துச் சொச்சம் போனது. அங்கே மரத்தடியில் இளவரசன் போனைப் பார்த்துச் சிரித்தான்.

தனகோட்டிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் உடனே பாயவில்லை. அவன் தரகன். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு பண்ணுவான்.

"மச்சான், இங்க வா" என்றான்.

"இன்னா மாமா, கிடா போவலியா?" இளவரசன் சிரிப்பு மாறாமல் வந்தான். கொம்பு போன இடத்தைத் தடவிக்கொடுத்தான். கிடா அவன் கையை நக்கியது.

"கையக் குடு."

"எங்கிட்ட என்னாத்துக்கு மாமா பேரம்?" என்று கேட்டுக்கொண்டே விளையாட்டுப் போல வலது கையை நீட்டினான். தனகோட்டி துண்டைப் போட்டான். பக்கத்தில் நின்ற ரெண்டு மூணு பேர், பேரம் நடக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு கிட்டே வந்தார்கள்.

துண்டுக்கடியில் தனகோட்டி அவனுடைய மூணு விரலைச் சேர்த்துப் பிடித்தான். விட்டான். அப்புறம் நாலு விரலைப் பிடித்தான். மூணு, நாற்பது. பிடித்தபடியே அவன் கண்ணைப் பார்த்தான்.

இளவரசனின் கை ஒரு நிமிஷம் புரியாமல் கிடந்தது. பிறகு சில்லிட்டுப் போனது. உள்ளங்கை வேர்த்தது. விரல் நடுங்கியது. மூணு நாற்பது என்று அவன் வாழ்க்கையில் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். மாமன் முகம் போகிற போக்கைப் பார்த்தான். கொம்பு ஏன் போனது, ஒரு மாசமாக மாமன் ஏன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது.

"வண்டிக் காசா மாமா?" என்றான் மெல்ல. துண்டுக்குள் அவன் கை தனகோட்டியின் விரல்களைத் தேடியது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டது.

தனகோட்டி படித்தது வேறு. நடுங்குகிறது, வேர்க்கிறது. சொல்லாமலே தொகையும் தெரிந்திருக்கிறது. திருடன் கை!

இளவரசனின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தான். இளவரசன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. துண்டு குலுங்கியது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தன், "விடாத தனகோட்டி, ஏத்து ஏத்து" என்று உற்சாகப்படுத்தினான். துண்டுக்கடியில் சுள்ளி ஒடிவது போல ரெண்டு தரம் சத்தம் கேட்டது.

அப்புறம்தான் இளவரசன் அலறினான். அந்த அலறலில் சுற்றியிருந்த ஆடுகள் எல்லாம் கயிற்றை இழுத்துக்கொண்டு மிரண்டன. துண்டு கீழே விழுந்தது. விரல் ரெண்டும் புறங்கைப் பக்கம் மடங்கி நின்றதைப் பார்த்த ஒரு கிழவர் "ஐயோ சாமி" என்று பின்னால் நகர்ந்தார். இளவரசன் இடது கையால் குத்தினான். தனகோட்டியின் உதடு கிழிந்து முன்பல் ஆடியது. தனகோட்டி தலையால் அவன் மூக்கில் முட்டினான். மூக்குத் தண்டு உடைந்து ரத்தம் சட்டையெல்லாம் கொட்டியது. ரெண்டு பேரும் ஆட்டுப் புழுக்கையிலும் மூத்திரத்திலும் கட்டிப் புரண்டார்கள்.

"இன்னா மாமா பண்ண காச? இன்னா பண்ண?"

"என்னையா கேக்கற? துன்னவன் நீ! பெத்த அப்பனா இருந்தாலும் வெட்டுவேன்டா, மச்சானாவது மயிராவது!"

எவன் யாரை என்ன செய்தான் என்று யாருக்கும் புரியவில்லை. பிரித்துவிட வந்தவன் ஒருத்தன் வயிற்றில் உதை வாங்கி உட்கார்ந்துவிட்டான். தனகோட்டியின் கைக்கு முளை அகப்பட்டது. கிடாவின் கயிற்றோடேயே பிடுங்கினான். இளவரசனின் ஒடிந்த கையை மணிக்கட்டில் முழங்காலை வைத்து அழுத்தி, பக்கத்தில் கிடந்த லாரிப் பலகைமேல் விரித்தான்.

"இந்தக் கையாலதான ஆடின? ஆடு! இப்ப ஆடு!"

முளை இறங்கியது. முதல் அடியில் இளவரசன் உடம்பு வில்லாக வளைந்தது. இரண்டாவது அடியில் அவன் "அக்கா" என்று கத்தினான். மூன்றாவது அடிக்கு அவன் கத்தவில்லை. பலகையில் இருந்ததைக் கை என்று சொல்ல முடியாது. கயிற்றில் இழுபட்ட கிடா அந்த ரத்தத்தை மிதித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

நாலாவது அடிக்கு ஓங்கினபோது தாவூத் பாய் பின்னாலிருந்து கீழே கிடந்த துண்டை அவன் கழுத்தில் போட்டு இறுக்கி இழுத்தார். தனகோட்டி மல்லாந்து விழுந்தான். முளை கைவிட்டுப் போனது. ரெண்டு பேர் அவன் தோள்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். "பைத்தியக்காரா, பெண்டாட்டி கூடப் பொறந்தவன்டா! பொறந்தவன்!" என்று பாய் அவனை அறைந்தார்.

சந்தையின் அந்தக் கோடியில் ரெண்டு பெட்டைகளை விற்றுக்கொண்டிருந்த ஜெயக்கொடி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். தம்பியின் கையைப் பார்த்தாள். புடவை முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். சுற்றச் சுற்ற நனைந்துகொண்டே வந்தது. "எவன் வண்டியாவது காலியா இருந்தா எடுங்கய்யா! ஆஸ்பத்திரிக்கு எடுங்கய்யா!" என்று கத்தினாள். அத்தனை வண்டி நின்றது அங்கே. அத்தனையிலும் ஆடு.

"ஏன்யா? ஏன்யா இப்படிப் பண்ண?" என்று அவள் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"உந்தம்பியக் கேளு! வண்டிக் காசு மொத்தத்தையும் ரம்மியில எங்கிட்டேர்ந்து அடிச்சிக்கினான். கிங்கு! கூடவே இருந்து முதுகுல குத்தினான். எல்லாரும் பாருங்க, இதோ அவன் போன்!" கீழே விழுந்து கண்ணாடி விரிந்த போன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. தோளில் இருந்தவர்களை உதறி எழுந்து உட்கார்ந்து, அவர்கள் மறுபடி பிடித்துக்கொள்வதற்குள் எட்டி எடுத்தான். ரத்தத்தை வேட்டியில் துடைத்தான். அதில் ஒரு வீடியோ பாதியில் நின்றிருந்தது. விரல் பட்டதும் ஓட ஆரம்பித்தது. நீல நிறத்தில் ஒரு குட்டியானை. இன்ஜின் ஓடும் சத்தம். திண்டிவனத்துக்காரன் குரல், "டயர் புதுசு போட்டாச்சு தம்பி. நல்லாப் பாத்துக்க. பக்ரீத்துக்கு மறுநாள் காலைலயே வந்துடு, உனக்குத்தான் வச்சிருக்கறேன்."

அந்தப் போனில் ரம்மி என்று ஒன்று இல்லவே இல்லை. தனகோட்டி மேலும் கீழும் தள்ளித் தேடினான்.

"மறைச்சிட்டான். என்னக் கண்டதும் மூடிட்டான்" என்றான். "இருங்க. இருங்க, நான் காட்டறேன்." சொந்தப் போனை எடுத்தான். கட்டைவிரல் ரத்தத்தில் வழுக்கி மூன்று தரம் அழுத்த வேண்டியிருந்தது. "கை போச்சில்ல இப்ப? இப்ப எப்படி வருவான் பாக்கலாம். வரமாட்டான். வரமாட்டான் பாருங்க, அப்பத் தெரியும் யாருன்னு."

இருபது ரூபாய் மேஜை. கணக்கில் மிச்சம் ரெண்டாயிரத்துக்கும் கீழே, ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் காணும். உட்கார்ந்தான். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. "பாத்தீங்களா?" என்று பாயிடம் திருப்பிக் காட்டினான். ஜெயக்கொடியும் பார்த்தாள். அவள் மடியில் இளவரசனின் தலை இருந்தது. அவன் கண் சொருகியிருந்தது, மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது.

எதிர் நாற்காலியில் பச்சை விளக்கு எரிந்தது. கிங்604 வந்து உட்கார்ந்தான்.

சீட்டு தானாக விழுந்தது. கிங் ஒரு சீட்டை எடுத்தான், ஒரு சீட்டைக் கழித்தான். நிதானமாக, எப்போதும் போல. சிரிக்கிற பொம்மை ஒன்றையும் அனுப்பினான்.

தாவூத் பாய் தலையில் கைவைத்துக்கொண்டு "யா அல்லா" என்றார். தனகோட்டியைப் பிடித்திருந்தவர்கள் பிடியை விட்டுவிட்டார்கள். இனி பிடித்து என்ன ஆகப்போகிறது? ஒரு வேன்காரன் ஆடுகளைக் கீழே தள்ளிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தான். நாலு பேர் இளவரசனைத் தூக்கினார்கள். ஒருத்தன் அந்தக் கையை மட்டும் ஆடாமல் ஏந்திக்கொண்டான். ஜெயக்கொடியின் மடி காலியானது. மடியெல்லாம் ரத்தம்.

அவள் எழுந்து புருஷன் எதிரில் வந்து நின்றாள். அழவில்லை.

"எந்தம்பி இல்லன்னா, யாருய்யா அவன்?"

தனகோட்டி சந்தையைப் பார்த்தான். கண்ணுக்கெட்டின வரைக்கும் ஆள். ஆளுக்கு ஆள் போன். யார் என்று சொல்வான்? கையைத் தொட்டால் ஜாதகம் சொல்கிறவனுக்குத் தொடுவதற்கு ஒரு கை இல்லை. இளவரசன் அன்றைக்குச் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது, எதிரில் ஆள் இருக்கிறதோ மிஷின் இருக்கிறதோ என்று. வாய் கோணிக்கொண்டு வந்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு முழுக்க ஒரு ஓலம் எழும்பியது. அது வாய்க்கு வருவதற்குள் போன் டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது. அவன் முறை. நேரம் ஓடுகிறது.

"கேக்கறேன்ல? யாரு அவன்?"

தனகோட்டி குனிந்து பார்த்தான். பதிமூணு சீட்டு. ஹார்ட்டில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஜோக்கர் இல்லாத வரிசை கைக்கு வரும்போதே சேர்ந்திருந்தது. தவிர ஜோக்கர் ரெண்டு. இந்த மாதிரிக் கை அவனுக்கு வந்து மாசக்கணக்காகிறது. ஒரே ஒரு சீட்டு வந்தால் போதும். டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. ரத்தம் காய்ந்த கட்டைவிரல் தன்பாட்டுக்கு நகர்ந்து சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்தது.

ஜெயக்கொடி அதைப் பார்த்தாள். வேனிலிருந்து யாரோ, "ஏறும்மா, சீக்கிரம்" என்று கூப்பிட்டார்கள். அவள் ஏறவில்லை, குனிந்தாள். கிடாவின் கயிறு தரையில் இழுபட்டு நிமிர்ந்தது. அவள் கையில் முளை இருந்ததைத் தனகோட்டி கவனிக்கவில்லை. வந்த சீட்டு என்ன என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.